ஹார்லி வேண்டாம், ஆனால் குரூசர் வேண்டும்

தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாவகாசமாக ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்குக் குரூசர் என்று பெயர். அதை வாங்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வரும் சொல் ‘ஹார்லியா?’ என்பதுதான். ‘இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஒரு சின்ன இரக்கம் தெரியும். அசல் கட்டுப்படியாகாமல் நகலைத் தேடிப் போகிறார், பாவம் என்கிற இரக்கம். அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. ஏன் இருந்தது, எப்படிப் போனது என்று தெரிந்தால், ஷோரூமுக்குள் போய் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கம்பெனியான ஹார்லி டேவிட்சன் விற்பது ஒரு மூட்டை என்பது என் கட்சி. சத்தம், காலை நீட்டி உட்காரும் வாகு, திருகிய உடனே இழுக்கும் எஞ்சின், குரோம் பளபளப்பு, சேர்ந்து ஓட்ட ஒரு கூட்டம், திருப்பி விற்கும்போது வரும் காசு, கடைசியாக டேங்கில் இருக்கும் அந்தப் பெயர். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டித் தருகிறார்கள். வேறு எந்தக் கம்பெனியும் இந்த மூட்டையை முழுசாகத் தருவதில்லை. ஒவ்வொருவரும் அதிலிருந்து இரண்டு மூன்றைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் நன்றாகச் செய்கிறார்கள். அதனால் ‘ஹார்லிக்குப் பதிலாக எது?’ என்று தேடினால் எதை எடுத்தாலும் ஒரு குறை தெரியும். மூட்டையில் நமக்கு நிஜமாகவே எது வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொண்டால் தேடல் சுலபமாகிவிடும்.

சத்தம்

பலருக்கு முதலில் கண்ணில் படுவது, இல்லை, காதில் விழுவது சத்தம்தான். ஹார்லியின் பெரிய எஞ்சின்களில் இரண்டு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் ‘வி’ போல நிற்கும். வி-ட்வின் என்பது இப்படிப்பட்ட எஞ்சினைத்தான். இரண்டு பிஸ்டன்களின் கனெக்டிங் ராடுகளும், அவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டில், ஒரே பின்னில் கோத்திருக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் வேலையை ஒருமுறை முடிக்க கிராங்க் இரண்டு தடவை சுற்ற வேண்டும், அதாவது 720 பாகை. சீராகப் பிரித்தால் 360 பாகைக்கு ஒரு வெடிப்பு. இங்கே அப்படி இல்லை. முதல் சிலிண்டர் வெடித்து 315 பாகையில் அடுத்தது வெடிக்கும், அங்கிருந்து மறுபடி முதலாவதுக்கு வர 405 பாகை ஆகும். ஒன்றை ஒட்டி ஒன்று, அப்புறம் கொஞ்சம் இழுத்த இடைவெளி. ஐடிலில் நிற்கும்போது வண்டி நொண்டியடிப்பதுபோலக் கேட்பது இதனால்தான். வேகம் ஏற ஏற அந்த நொண்டல் உறுமலில் கரைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போதுதான் அதன் முழு அழகும்.

அந்தச் சத்தத்துக்கு டிரேட்மார்க் வேண்டும் என்று ஹார்லி 1994-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. ஜப்பானியக் கம்பெனிகள் உள்ளிட்ட போட்டியாளர்கள், ஒரே பின்னில் கோத்த எந்த வி-ட்வினும் இப்படித்தான் கத்தும் என்று ஆட்சேபித்தார்கள். ஆறு வருடம் இழுத்தடித்து 2000-ல் ஹார்லியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஹோண்டாவுடையது. 1983-ல் ஷேடோ 750 வந்தபோது அதிலும் 45 பாகை வி-ட்வின்தான். ஆனால் ஹோண்டாவின் பொறியாளர்கள் கிராங்க் பின்னை இரண்டாகப் பிரித்துத் தள்ளி வைத்தார்கள். அதிர்வு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிட்டது. எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. பார்க்க ஹார்லி ஜாடை, உட்கார்ந்தால் தையல் மெஷின் என்று ஆட்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 1995-ல் ஷேடோ 1100 ஏ.சி.இ. என்ற வண்டி வந்தது. அதில் ஹோண்டா வேண்டுமென்றே பழையபடி ஒற்றைப் பின் கிராங்க்கைப் போட்டது. தானே தீர்த்து வைத்த அதிர்வைத் தானே திரும்பக் கொண்டுவந்து வண்டிக்குள் வைத்தது. நகல் எடுக்கிறவனின் சங்கடத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சரி, இன்றைக்கு நிலைமை என்ன? வேடிக்கையாக, ஹார்லியே சில வண்டிகளில் அந்தக் கணக்கை விட்டுப் போயிருக்கிறது. 2021-ல் வந்த ஸ்போர்ட்ஸ்டர் எஸ்-இல் இருப்பது 60 பாகை எஞ்சின். கிராங்க் பின்களை 30 பாகை விலக்கி வைத்து, 90 பாகை வி-ட்வினின் தாளத்தில் வெடிக்க விட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய நொண்டல் அதில் கிடையாது. இன்னொரு பக்கம், இரண்டு சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பேரலல் ட்வின் எஞ்சின்களில் கிராங்க்கை 270 பாகைக்கு அமைக்கும் வழக்கம் பரவிவிட்டது. டிரையம்ஃப் ஸ்பீட்மாஸ்டர், பாபர், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650, ஹோண்டா ரெபெல் 1100 எல்லாமே இந்த ரகம். வெடிப்பு 270, 450 என்று மாறி மாறி வரும். இது 90 பாகை வி-ட்வினின் கணக்கேதான், ஆக காதுக்கு வி-ட்வின் போலவே ஒரு துடிப்பு இருக்கும். ரெபெல் 500, கவாஸாகி வல்கன் எஸ் ஆகியவற்றில் கிராங்க் 180 பாகை. அவை துடிக்காது, ரீங்காரம் போடும். சத்தத்துக்காகவே குரூசர் வாங்குகிறவர் இந்த இரண்டையும் ஐடிலில் கேட்டாலே போதும், ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

மூட்டையில் உங்களுக்கு வேண்டியது அந்த 315-405 நொண்டல்தான், வேறெதுவும் பொருட்டில்லை என்றால், சுற்றி வளைக்காமல் ஹார்லியையே வாங்கிவிடுங்கள். செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை. இதில் வேறு யாரும் அவர்களுக்கு ஈடில்லை. கீழே இருப்பதெல்லாம் மற்றவர்களுக்கு.

699 சிசி

நகல் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1969 முதல் ஏ.எம்.எஃப். என்ற கம்பெனியின் கையில் இருந்த ஹார்லியை, 1981-ல் அதன் உயரதிகாரிகள் 13 பேர் சேர்ந்து கடன் வாங்கி மீட்டார்கள். அதே வருடம் யமஹா தன் விராகோ 750-ஐக் கொண்டுவந்தது: 75 பாகை வி-ட்வின், காற்றில் குளிரும் எஞ்சின், செயினுக்குப் பதில் தண்டு வழியே பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ். அமெரிக்கச் சந்தையில் ஜப்பான் வண்டிகள் குவிந்து கிடந்தன. ஹார்லி அரசாங்கத்திடம் போய் நின்றது. 1983-ல் அதிபர் ரீகனின் அரசு, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு ஏற்கெனவே இருந்த 4.4 சதவீத வரியோடு இன்னும் 45 சதவீதத்தைச் சேர்த்தது. வருடா வருடம் குறைந்து ஐந்து வருடத்தில் முடிகிற மாதிரி திட்டம்.

ஜப்பான்காரர்கள் அதற்குச் செய்தது, பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டியது. எல்லை 700 என்றால் நாங்கள் 699 என்றார்கள். ஷேடோ 750, ஷேடோ 700 ஆனது. விராகோ 750, விராகோ 700 ஆனது. துளியூண்டு சிறிய எஞ்சின், அதே வண்டி, வரி கிடையாது. 1987-ல், வரி முடிய இன்னும் காலம் இருக்கும்போதே, இனி எங்களுக்கு இது தேவையில்லை என்று ஹார்லியே எழுந்து சொன்னது.

ஆனால் அந்தச் சில வருடங்களில் ஜப்பான் கம்பெனிகளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. குரூசர் செய்வதென்றால் ஹார்லியை மேஜையில் வைத்துக்கொண்டு செய்வது என்கிற பழக்கம். அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கு ‘மெட்ரிக் குரூசர்’ என்று பெயர். ஹார்லியின் நட்டு போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குலக் கணக்கு, இவற்றில் மில்லிமீட்டர், அதனால் வந்த பெயர். பெயரைச் சொல்லும் தொனியில் ஒரு சின்னக் கிண்டலும் இருக்கும்.

2000-க்குப் பிறகு இந்தப் போட்டி சிசி போட்டியாக மாறிப் பேயாட்டம் ஆடியது. ஹோண்டா விடிஎக்ஸ் 1800, 2,053 சிசி கொண்ட கவாஸாகி வல்கன் 2000, ஒவ்வொரு பிஸ்டனும் 112 மில்லிமீட்டர் அகலம் கொண்ட சுசுகி எம்109ஆர், 1,854 சிசி யமஹா ரோட்லைனர் என்று வரிசை கட்டி வந்தன. சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும் அந்த சுசுகி பிஸ்டன். 2008 பொருளாதாரச் சரிவு வந்தது, பெரிய வண்டி வாங்கும் கூட்டம் கலைந்தது. அந்த ராட்சதர்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகக் கடையை மூடின. செகண்ட் ஹேண்ட் பட்டியல்களில் இன்றைக்கும் அவை தலைகாட்டும். பளபளப்பாக இருக்கும், கிலோமீட்டர் குறைவாக இருக்கும், விலையும் இளக்காரமாக இருக்கும். அந்த விலை ஏன் இளக்காரம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்தச் சரிவுக்குப் பின் பிறந்த வண்டிகளில்தான் விஷயம் மாறியது. 2015-ல் வந்த வல்கன் எஸ்-இல் வி-ட்வின் கிடையாது. கவாஸாகி தன் நின்ஜா 650-இன் 649 சிசி எஞ்சினையே எடுத்து தாழ்ந்த ஒரு சட்டத்தில் உட்கார வைத்தது. 2017-ல் ஹோண்டா, சிபி500 வகை வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த 471 சிசி எஞ்சினை எடுத்து ரெபெல் 500 செய்தது. குரோம் இல்லை, தோல் குஞ்சலம் இல்லை, ஹார்லி ஜாடையே இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் குரூசர் என்று தெரிகிறது. ஏனென்றால் குரூசரை குரூசர் ஆக்குவது உட்காரும் விதம். எஞ்சின் எதுவாகவும் இருக்கலாம். இது தெரிந்த பிறகுதான் மற்ற கம்பெனிகளுக்கு நகல் எடுக்கும் அவசியம் போயிற்று.

உட்கார்ந்து பார்ப்பது

அதனால் வண்டியை விவரப் பட்டியலில் படிப்பதற்கு முன்னால் ஏறி உட்கார வேண்டும். ஒரு நிமிடம் போதாது, இருபது நிமிடம்.

பிஎம்டபிள்யூ ஆர்18 இதற்கு நல்ல உதாரணம். 1,802 சிசி, இரண்டே சிலிண்டர், அவை இடமும் வலமும் கை நீட்டியதுபோலப் படுத்திருக்கும். முதல் தடவை ஏறி உட்கார்ந்து, குரூசர் பழக்கத்தில் காலை முன்னால் நீட்டினேன். கணுக்காலுக்கு மேலே எலும்பில் நச்சென்று இடித்தது சிலிண்டர் மூடி. காலை நீட்ட அங்கே இடமே கிடையாது. ஃபுட்ரெஸ்ட் சிலிண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது, நாற்காலியில் உட்காருவதுபோல முட்டியை மடித்துத்தான் உட்கார வேண்டும். படத்தில் பார்க்கும்போது இது தோன்றவே தோன்றாது. காலை நீட்டுவதுதான் உங்கள் மூட்டையில் முக்கியம் என்றால் ஆர்18 எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை. முதுகு வலிக்காரர்களுக்கு அதுவே வரமாகவும் இருக்கும்.

காரணம் எளிது. கால் முன்னால் போனால் உடல் எடை முழுவதும் முதுகுத்தண்டின் அடிநுனியில் இறங்குகிறது. பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் எழும்பி நின்று தப்பிக்க முடியாது. கீழே சஸ்பென்ஷனும் பெரிதாக உதவாது. சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்பதற்காகக் குரூசர்களில் பின்சக்கரம் மேலும் கீழும் அசைய விடும் தூரத்தைக் குறைத்திருப்பார்கள். முதலில் வந்த ஆர்18-இல் 90 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியார் 650-இல் 101. கரடுமுரடான பாதைக்கென்று செய்த அட்வென்ச்சர் வண்டிகளில் 200-ஐ ஒட்டி இருக்கும். ஆக, மோசமான ரோட்டில் தினமும் போகிறவர் காலை முன்னால் நீட்டும் வண்டியைத் தவிர்த்து, நடுவில் ஃபுட்ரெஸ்ட் உள்ளதை எடுப்பது நல்லது. ரெபெல் அப்படிப்பட்டது. வல்கன் எஸ்-இல் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில் மாற்றி வைக்கலாம். கூடவே வெவ்வேறு அளவு சீட்டும் ஹேண்டில்பாரும் கம்பெனியே தருகிறது. உயரம் குறைந்தவர்களையும் ரொம்ப நெட்டையானவர்களையும் நினைத்துச் செய்த காரியம் இது. மற்றவர்கள் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை.

சீட் உயரம் இன்னொரு ஏமாற்று எண். ரெபெல் 500-இல் 690 மில்லிமீட்டர், வல்கன் எஸ்-இல் 705, சூப்பர் மீட்டியாரில் 740. ஐம்பது மில்லிமீட்டர் வித்தியாசம் என்று மலைக்க வேண்டாம். சீட்டின் அகலமும் கால் இறங்கும் இடத்தில் எஞ்சின் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதும் அதைவிட முக்கியம். தாழ்ந்த சீட்டுக்கு ஒரு விலையும் உண்டு. வண்டி தரையை ஒட்டி இருப்பதால் வளைவில் சாய இடம் குறைவு. பல குரூசர்கள் 30 பாகையை ஒட்டிச் சாய்ந்ததுமே ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசிப் பொறி பறக்கும். டுகாட்டி எக்ஸ்டியாவெல் 40 பாகை சாயும் என்று அந்தக் கம்பெனி தனியாக விளம்பரப்படுத்தியதே, அது இந்த வகையில் அபூர்வம் என்பதால்தான். மலைப்பாதைதான் உங்கள் சொர்க்கம் என்றால் இதைக் கவனியுங்கள்.

அப்புறம் எடை. ஓடும்போது எடை தெரியாது, தாழ்வாக இருப்பதால் பெரிய குரூசர்கூட குழந்தை மாதிரி வரும். நிறுத்தியிருக்கும்போதுதான் தெரியும். ரெபெல் 500 சுமார் 190 கிலோ, சூப்பர் மீட்டியார் 241, ஆர்18 345 கிலோ. லேசான சரிவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பின்னால் எடுத்துப் பாருங்கள். ஆர்18-க்கு ரிவர்ஸ் கியரைத் தனியாக விற்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

இழுவை

குரூசரில் குதிரைத்திறனைப் பார்க்காதே, முறுக்குவிசையை (டார்க்) பார் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. முறுக்குவிசை எவ்வளவு என்பதோடு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கவாஸாகியின் இரண்டு வல்கன்களையே எடுத்துக்கொள்வோம். பழைய வல்கன் 900-இல் உச்ச முறுக்குவிசை சுமார் 78 நியூட்டன் மீட்டர், அது 3,500 ஆர்.பி.எம்.-ஐ ஒட்டியே வந்துவிடும். வல்கன் எஸ்-இல் சுமார் 63, அதுவும் 6,600-இல்தான். குதிரைத்திறனில் சின்னதுதான் ஜெயிக்கிறது. ஆனால் முன்னால் லாரி போகிறது, டாப் கியரில் இருக்கிறீர்கள், ஒதுங்கி முந்த வேண்டும் என்றால் 900 அப்படியே இழுத்துக்கொண்டு போகும். எஸ்-இல் இரண்டு கியர் குறைக்க வேண்டும். ஒன்று சோம்பேறிக்கு, மற்றது துறுதுறுப்பானவருக்கு. நான் சோம்பேறி.

இந்தச் சோம்பல் சுகத்தின் உச்சம் டிரையம்ஃப் ராக்கெட் 3. மூன்று சிலிண்டர், 2,458 சிசி, 221 நியூட்டன் மீட்டரில் தொடங்கி இப்போது 225. பெரும் எண்ணிக்கையில் தயாரிக்கப்படும் மோட்டார் சைக்கிள்களிலேயே பெரிய எஞ்சின். குரூசர் என்று அதைச் சொல்லலாமா என்பதே ஒரு விவாதம். அமெரிக்க இந்தியன் கம்பெனியின் (பெயரைப் பார்த்து நம்ம ஊர் என்று நினைக்க வேண்டாம், 1901-ல் மாசசூசெட்ஸில் பிறந்தது) சீஃப் வண்டி ஹார்லி மூட்டைக்கு மிக அருகில் வருவது: காற்றில் குளிரும் பெரிய வி-ட்வின், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பழைய பாணி புஷ் ராடு, தாராளமான குரோம். அதே கம்பெனியின் ஸ்கவுட் வேறு குணம். தண்ணீரில் குளிரும் 60 பாகை எஞ்சின், 1,133 சிசியில் தொடங்கி இப்போது 1,250. திருகினால் பாயும்.

தண்ணீரா காற்றா என்பது அழகுக் கேள்வியாகப் பேசப்படுகிறது. வலது தொடையைக் கேட்டால் வேறு பதில் சொல்லும். வி-ட்வினில் பின் சிலிண்டர் சரியாக உங்கள் காலுக்கு அடியில் இருக்கிறது, காற்றும் அதற்குக் குறைவாகவே கிடைக்கும். நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் காற்றில் குளிரும் பெரிய எஞ்சினின் சூடு பேன்ட்டுக்குள் ஏறும். மோட்டோ குஸி இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. அவர்களுடைய 90 பாகை எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் இரண்டு சிலிண்டரும் இரு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் த்ராட்டிலைத் திருகினால் வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். பழகாதவர் பயந்துபோவார், பழகியவருக்கு அது இல்லாமல் முடியாது.

வாங்கிய பிறகு

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை முடிவு செய்வது பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் வழி. செயின் என்றால் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட்டு, தொய்வு பார்த்து இழுக்க வேண்டும். குரூசரில் பெரும்பாலும் சென்டர் ஸ்டாண்ட் இருக்காது, அதனால் சக்கரத்தை அரை சாண் உருட்டி, துடைத்து, மறுபடி உருட்டி என்று முதுகு ஒடியும். ரெபெல், சூப்பர் மீட்டியார், டிரையம்ஃப் பாபர் எல்லாம் செயின்தான். வல்கன் 900, யமஹா போல்ட் போன்றவற்றில் பெல்ட். சத்தம் இல்லை, எண்ணெய் இல்லை, ரொம்ப காலம் உழைக்கும். ஆனால் ஒரு சின்னக் கூழாங்கல் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டினால் பல்லுக்கு நடுவில் ஓட்டை விழும், புது பெல்ட் விலையும் அதை மாற்றும் கூலியும் சுள்ளென்று இருக்கும். ஷாஃப்ட் என்றால் அவ்வப்போது பின்பெட்டி எண்ணெயை மாற்றினால் முடிந்தது கதை. குஸி, ஆர்18, ராக்கெட் 3, சுசுகியின் பழைய சி50 ஆகியவை ஷாஃப்ட். தூரம் ஓட்டுகிறவனுக்கு நான் எப்போதும் ஷாஃப்ட்டைத்தான் சொல்வேன், எடை கூடினாலும் பரவாயில்லை. வால்வு சரிசெய்வதிலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு. வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருந்தால் அந்த வேலையே கிடையாது, இல்லையென்றால் குறித்த கிலோமீட்டருக்கு மெக்கானிக்கிடம் போக வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொண்டால் போதும்.

இப்போது இளக்கார விலைக்கு வருவோம். ஹார்லி மூட்டையில் யாரும் பேசாத பெரிய சரக்கு ஸ்பேர் பார்ட்ஸ். பல பத்தாண்டுப் பழைய எஞ்சினுக்குக்கூட அந்தக் கம்பெனியோ வெளியாட்களோ பாகம் செய்து விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். மற்றவர்களிடம் அந்த உத்தரவாதம் இல்லை. நான் ஒருமுறை தயாரிப்பு நின்றுபோன ஒரு பழைய வி-ட்வினை வாங்கினேன், எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும். பாதி த்ராட்டிலுக்கு மேல் ஒரு சிலிண்டர் தூங்க ஆரம்பித்தது. கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் டயாஃப்ராமை பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓரத்தில் ஊசி முனை அளவு ஒரு வெளிச்சப் புள்ளி. உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் அது. தனியாக விற்பதில்லை, ஸ்லைடோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும், அதுவும் கையிருப்பில் இல்லை. வந்து சேரப் பதினொரு வாரம் ஆனது. வண்டி அத்தனை நாளும் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது.

என் கதையாவது ஒரு மாடலோடு போயிற்று. ஒரு பிராண்டே மறைவதும் உண்டு. போலாரிஸ் கம்பெனி 1998-ல் தொடங்கிய விக்டரி நல்ல குரூசர்கள் செய்தது. 2017 ஜனவரியில் ஒரு அறிவிப்போடு மூடிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தருவோம் என்று அப்போது சொன்னார்கள். இன்று மலிவாக ஒரு விக்டரி கண்ணில் பட்டால் அந்தக் கெடுவையும் சேர்த்து எண்ணுங்கள். இந்தியனின் சரித்திரமும் இறக்கம் ஏற்றம்தான்: 1953-ல் தயாரிப்பு நின்றது, பெயர் கை மாறிக் கை மாறி 2011-ல் போலாரிஸிடம் வந்து உயிர் பெற்றது. 2025 அக்டோபரில் போலாரிஸ், இந்தியனின் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவித்தது. வண்டி நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டீலரிடம் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்ற வண்டிகளோடு எஞ்சினைப் பகிர்ந்துகொள்ளும் குரூசர்களை, ‘சொந்த எஞ்சின்கூட இல்லை’ என்று சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அது பலமாகப் படுகிறது. ரெபெல் 500-இன் எஞ்சின் 2013 முதல் சிபி500 வண்டிகளில் ஓடுகிறது. வல்கன் எஸ்-இன் எஞ்சின் நின்ஜா 650-இலும் வெர்ஸிஸ் 650-இலும் இருக்கிறது. சூப்பர் மீட்டியாரின் 648 சிசி எஞ்சின் இன்டர்செப்டரிலும் கான்டினென்டல் ஜிடியிலும் ஏற்கெனவே அடிபட்டு வந்தது. நாளைக்கு அந்தக் குரூசர் நின்றுபோனாலும் கேஸ்கெட், க்ளட்ச் பிளேட் எல்லாம் வேறு வண்டிக்காக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகளும் இருப்பார்கள். எஞ்சின் அந்த ஒரு குரூசருக்காக மட்டும் பிறந்தது என்றால், குரூசரோடு சேர்ந்து அதுவும் போய்விடும். 2000-களின் ராட்சதர்கள் இன்று மலிவாகக் கிடைப்பதற்குக் காரணங்களில் ஒன்று இதுவே.

அதனால் ஷோரூமில் விற்பனையாளரிடம் டெஸ்ட் ரைடு கேட்பதற்கு முன்னால், பின்பக்கம் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போங்கள். மூன்றே சாமான் கேளுங்கள்: க்ளட்ச் லீவர், ஏர் ஃபில்டர், முன் பிரேக் பேடு. வண்டி ஒருமுறை சாய்ந்தாலே உடைகிற, அல்லது அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிற சாமான்கள் இவை. கவுண்டரில் இருப்பவர் திரும்பிப் பார்த்து அலமாரியில் இருந்து எடுத்துப் போட்டால் ஒரு அர்த்தம். கம்ப்யூட்டரைத் தட்டி, கண்ணைச் சுருக்கி, ‘ஆர்டர் போடணும் சார்’ என்றால் இன்னொரு அர்த்தம். எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். அவர் தேதியைச் சொல்கிறாரா, கூரையைப் பார்க்கிறாரா என்பதைக் கவனித்துவிட்டு வந்து, அப்புறம் சாவியை வாங்குங்கள்.